படப்பிடிப்பில் இருக்கும் நடிகர் சங்கத் தேர்தலில் நிற்க முடியுமா?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கைநிறையப் படம் வைத்திருப்பவர் சங்கப் பதவிக்கு வந்தால் வேலை நடக்குமா?

தாராளமாக நிற்கலாம். தென்னிந்திய நடிகர் சங்கத்தில் 2015 அக்டோபரில் தலைவராக நாசர், பொதுச்செயலாளராக விஷால், பொருளாளராக கார்த்தி ஜெயித்தபோது மூவரும் நடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். சிக்கலே நேரம்தான். ஊட்டியில் மூடுபனி விலகும்வரை கேரவனில் உட்கார்ந்து போனில் ஓட்டுக் கேட்டுவிடலாம். நலிந்த கலைஞரின் மருத்துவ உதவி மனுவை அப்படிப் பார்த்து முடிக்க முடியாது. அப்புறம், வெளியூர் நாடக நடிகர்களின் தபால் ஓட்டை லேசாக நினைக்காதீர்கள். வழக்கும் வரும்: 2019 ஜூனில் போட்ட ஓட்டை எண்ணியது 2022 மார்ச்சில்! இடையில் அரசு தனி அதிகாரியை நியமித்தது. ஜெயித்தால், செயற்குழு நாட்களை ஒதுக்கிவிட்டுக் கால்ஷீட் கொடுப்பது நல்லது.