மொய்க்கு ஒரு கணக்கு, சாப்பாட்டுக்கு ஒரு கணக்கா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை குடும்பத்தோடு அன்னலட்சுமி சைவ உணவகத்தில் சாப்பிடுவோம். வேண்டியதைச் சாப்பிடலாம், மனதுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்பதுதான் அங்கே முறை. நான், கணவர், மாமியார், 13 வயது மகன் என நான்கு பேரும் வயிறாரச் சாப்பிட்டபின் கணவர் 10 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) நீட்டுகிறார். எனக்குக் கூசுகிறது. கேட்டால், "அவங்களே தோணுறதைக் குடுன்னுதானே சொல்றாங்க? கோயில் சாப்பாடு மாதிரி" என்கிறார். வருமானத்துக்குக் குறைவில்லை. போன வாரம் மகன், "பீட்ஸாவுக்கு மட்டும் அப்பா 60 வெள்ளி கொடுக்கிறாரே?" என்று கேட்டுவிட்டான். என்ன செய்ய?
ஜூரோங் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகன் கெட்டிக்காரன். ஆனாலும் உங்கள் கணவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 'கோயில் சாப்பாடு' என்று நினைத்ததில்தான் அவருக்குக் கணக்குத் தப்பிவிட்டது.

வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசியோடு வந்தவருக்கு அங்கே சோறு, அவ்வளவுதான். அதற்கான அரிசியையும் பருப்பையும் வேறு யாராவது மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார்கள். அன்னலட்சுமி அந்த வகை இல்லை. ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடர் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி, இசையும் நடனமும் கற்பிக்க மலேசியாவில் 1981இல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸைத் தொடங்கினார். அந்தக் குடும்பத்துச் சமையற்கட்டு என்று இந்த உணவகத்தைச் சொல்லலாம். விருந்தினரைத் தெய்வமாகப் பார்ப்பது அவர்கள் கொள்கை. தொண்டர்கள் பலர் வேலை செய்கிறார்கள். வாரநாளில் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர் சனிக்கிழமை உங்களுக்குச் சாம்பார் ஊற்றலாம். மிஞ்சுவது கலைப்பணிக்கும் தொண்டுக்கும் போகிறது. மிஞ்சினால்தானே போகும்? கத்தரிக்காய் விற்பவர் மனதுக்குத் தோன்றியதை வாங்கிக்கொள்வதில்லை. (சென்னைக் கிளையில் விலைப்பட்டியலே உண்டு. அங்கே உங்கள் கணவர் என்ன செய்வாரோ!)

விலை எழுதாத இடத்தில் யாருக்கும் கை தடுமாறும். முதல்முறை அங்கே போனபோது கல்லா முன்னால் ஐம்பது வெள்ளித் தாளை மடித்தேன், விரித்தேன், முன்னால் நின்றவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று எட்டிக்கூடப் பார்த்தேன். கல்லாவில் இருந்த அம்மா என் தாளைப் பார்க்கவே இல்லை. "பாயசம் சாப்பிட்டீங்களா?" என்றார். மறந்திருந்தேன். திரும்பப் போய் உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வந்தேன். தாளை அப்படியே கொடுத்துவிட்டேன். மீதி கேட்க வாய் வரவில்லை.

கல்யாணத்தில் மொய் எழுதும்போது உங்கள் கணவர் 'தோன்றியதை'யா எழுதுகிறார்? எந்த உறவு, நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன எழுதினார்கள், எத்தனை பேர் சாப்பிடப் போகிறோம் என்று எல்லாம் பார்த்துத்தானே உறையை ஒட்டுகிறார்? அந்தக் கணக்கு இங்கேயும் செல்லும். லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் இதே நான்கு பேர் சைவச் சாப்பாடு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று வீட்டிலேயே, சாவகாசமாக அவரிடம் கேளுங்கள். அதைக் கொடுப்பது நியாயம். சமையல் பிடித்திருந்தால் கொஞ்சம் மேலே. மாதக் கடைசியில் கை கடித்தால் குறைத்துக் கொடுங்கள், கூசவே வேண்டாம். அப்படி வருபவர்களுக்கும் இடம் இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. கை கடிக்காதவர் 10 வெள்ளியோடு நகர்வதுதான் இடிக்கிறது.

கல்லா முன்னால் இதைப் பேசாதீர்கள். மாமியார் காதில் விழ வேண்டவே வேண்டாம். பிறகு பேச்சு சாப்பாட்டை விட்டு வேறெங்கோ போய்விடும். இன்னொன்று, நீங்களும் சம்பாதிப்பவர் என்றால் ஒரு சனிக்கிழமை, "இன்னைக்கு நான் குடுக்கறேன்" என்று முன்னால் போய் நில்லுங்களேன். அவர் தடுக்கப் போவதில்லை.

அப்புறம், அதற்கடுத்த முறை பணத்தை மகன் கையில் கொடுத்து, "நாலு பேர் சாப்பிட்டோம், எவ்வளவு கொடுக்கலாம், நீயே சொல்லு" என்று கேளுங்கள். அவன் சொல்லும் தொகையையும், அதைக் கேட்டு அவன் அப்பா என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.