வரையத் தெரியாதவர்கள் கேம் செய்ய என்ன வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (பாலக்கோடு வாசகர்): கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் சின்னதாக ஒரு கேம் செய்து வருகிறேன். மாந்தோப்பில் குரங்குகளை விரட்டும் பையன்தான் கதை. ஓடுவது, குதிப்பது எல்லாம் வந்துவிட்டது, ஆனால் பையன் மட்டும் இன்னும் ஒரு நீலச் சதுரமாகவே இருக்கிறான். எனக்குச் சுத்தமாக வரைய வராது. திரையோடு கூடிய டிராயிங் டேப்லெட் ஒன்றும், 18,000 ரூபாய்க்கு ஆன்லைன் கேரக்டர் டிசைன் கோர்ஸ் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். கோர்ஸுக்கு மாதத் தவணை உண்டாம். "இன்றைக்குச் சேர்ந்தால்தான் இந்த விலை" என்று தினமும் போன் செய்கிறார்கள். எதை முதலில் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், தம்பி. உங்கள் பையனை மவுஸை வைத்தே, பைசா செலவில்லாமல் வரைந்துவிடலாம்.

பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கெல் என்ற வரையும் செயலியைத் திறந்து, 16-க்கு 16 என்று அளவு வையுங்கள். மொத்தமே 256 கட்டம். அதில் ஏழெட்டு வரிசை தலைக்கே போகட்டும். நான்கைந்து வரிசை உடம்புக்கு, மிச்சம் காலுக்கு. கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி போதும். மூக்கையும் விரலையும் விட்டுவிடுங்கள், இந்த அளவில் அவை அழுக்கு ஒட்டியது போலத்தான் தெரியும். நிறங்களை எட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்தோடு எது சேரும் என்று குழம்ப வேண்டாம், லாஸ்பெக் தளத்தில் பொருத்தம் பார்த்த வண்ணத் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நடைக்கு இரண்டு படம் போதும். ஒன்றில் கால்கள் சேர்ந்திருக்கட்டும், இன்னொன்றில் விரிந்திருக்கட்டும். கால் விரிந்த படத்தில் தலையையும் உடம்பையும் ஒரே ஒரு பிக்சல், அதாவது ஒரு கட்டம், கீழே இறக்குங்கள். அந்த ஒரு பிக்சல் இறங்கி ஏறும்போதுதான் பையன் வழுக்கிக்கொண்டு போகாமல் நடப்பது போலத் தெரியும். வலப்பக்கம் பார்த்து வரைந்தால் போதும், இடப்பக்கத்துக்குக் கோடோவே திருப்பிக் கொடுத்துவிடும்.

வரைந்து முடித்ததும் பையனை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். அப்போதும் அவன் யாரென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தலையில் ஒரு துண்டோ, கையில் ஒரு கவணோ கொடுங்கள். இதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பாருங்கள். பல கற்களில் முகம் தேய்ந்து கண்ணும் மூக்கும் போயே போய்விட்டன. ஆனாலும் ஒரு கையில் வில், மறு கையில் வாள், முன்வைத்த கால் இவற்றை வைத்தே வீரன் சண்டைக்குப் பாய்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். செதுக்கியவர் நுணுக்கத்தை நம்பவில்லை, நிற்கும் தோரணையை நம்பினார். கேம் கதாபாத்திரத்துக்கும் அதுதான் வேண்டும்.

இன்னொன்று. கோடோவில் படத்தைப் பெரிதாக்கியதும் எல்லாம் மங்கிப்போய், "நான் வரைந்தது கேவலமாக இருக்கிறது" என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். குற்றம் வரைந்ததில் இல்லை. படம் எப்படிப் பெரிதாக வேண்டும் என்று சொல்லும் டெக்ஸ்ச்சர் ஃபில்டர் (Texture Filter) அமைப்பை நியரஸ்ட் (Nearest) என்று மாற்றி, இரண்டு, மூன்று, நான்கு என முழு மடங்காக மட்டும் பெரிதாக்குங்கள், பளிச்சென்று வரும்.

கொஞ்ச நாளில் பிஸ்கெல் போதாமல் போனால் லிப்ரேஸ்ப்ரைட், பிக்சலோராமா இரண்டும் இலவசம்தான். காசு கொடுத்தே வாங்கலாம் என்று தோன்றினால் ஏஸ்ப்ரைட் வாங்குங்கள். அவர்கள் தளத்தில் சுமார் 20 டாலர், ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஸ்டீமில் ரூபாயிலேயே வாங்கலாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். டேப்லெட் கையால் இழுத்து வரையும் ஓவியத்துக்குத்தான் உதவும். கட்டம் கட்டமாக நிரப்பும் வேலைக்கு மவுஸே வசதி.

கோர்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட தவணைகள் பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். நீங்கள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. பணம் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் போனில் சொன்னால் போதாதா" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கட்டி மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

கேள்வி (கிருஷ்ணகிரி வாசகி): இலவசமாகக் கிடைக்கும் படங்களை எடுத்து என் கேமில் போட்டுவிட்டேன். பிளே ஸ்டோரில் ஏற்றினால் வம்பு வருமா?

பதில்: எந்த லைசென்ஸில் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கென்னி தளத்தின் படத் தொகுப்புகள் சிசி ஜீரோ (CC0), அதாவது உருவாக்கியவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தவை. மாற்றலாம், விற்கலாம், பெயர் போடக்கூடத் தேவையில்லை. ஓப்பன் கேம் ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு லைசென்ஸ் என்பதால் அங்கேதான் கவனம் வேண்டும். சிசி பிஒய் (CC BY) என்றால் வரைந்தவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும். சிசி பிஒய் எஸ்ஏ (CC BY-SA) என்றால் அந்தப் படத்தை மாற்றி வெளியிடும்போது மாற்றியதையும் அதே லைசென்ஸில்தான் விட வேண்டும். வேறு எங்காவது எடுத்த படத்தில் என்சி (NC), அதாவது சம்பாதிக்கப் பயன்படுத்தக் கூடாது, என்று இருந்தால் தொடாதீர்கள். கேம் இலவசமாகவே இருந்தாலும் விளம்பரம் போட்டுச் சம்பாதித்தால் சிக்கல்தான். எடுத்த அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு இடத்துப் படங்களைக் கலந்து போட்டால் ஒட்டாமல் தெரியும். எல்லாவற்றையும் ஒரே வண்ணத் தொகுப்புக்கு மாற்றினால் பாதி உறுத்தல் போய்விடும். அளவு மட்டும் முதலிலேயே ஒன்றாக இருக்க வேண்டும், 16 கட்டப் படத்தையும் 32 கட்டப் படத்தையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (ஓசூர் வாசகர்): ஒருவரிடம் 6,000 ரூபாய் கொடுத்து மூன்று கதாபாத்திரங்கள் வரைந்து வாங்கினேன். பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில்தான். இப்போது மொபைலில் வெளியிடத் தனியாகப் பணம் கேட்கிறார். காசு கொடுத்த எனக்கு உரிமை இல்லையா?

பதில்: காசு கொடுத்தாலே எல்லா உரிமையும் வந்துவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை பொதுவாக வரைந்தவருக்குத்தான். விலை கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு 17-ஆம் பிரிவில் விதிவிலக்கு உண்டு என்றாலும், கேம் படம் அதில் அடங்குமா என்று வழக்காடும் அளவுக்கு இதை விட வேண்டாம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வெளிநாட்டிலும் டவுன்லோடு ஆகும் கேமுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அவரோடு சண்டைக்குப் போகாமல் உட்கார்ந்து பேசுங்கள். அவர் கேட்பது நியாயமான தொகையாக இருந்தால் கொடுத்துவிட்டு, "எல்லாத் தளங்களுக்கும், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். லேயர் பிரிந்திருக்கும் மூலக் கோப்பையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். எல்லாம் ஒன்றாக ஒட்டிய பிஎன்ஜி படம் மட்டும் கையில் இருந்தால் நாளைக்குச் சட்டை நிறத்தை மாற்றவும் அவரிடமே போய் நிற்க வேண்டிவரும்.