பாம்பன் பாலமும் நாலு பச்சையும்

கேள்வி: பாம்பன் பாலம், தனுஷ்கோடி தேவாலயம், எங்கள் கரையில் நிற்கும் வல்லம் என்று செல்போனில் எடுத்த படங்களைப் பழைய கையடக்க வீடியோ கேம் படம்போல மாற்றிப் பார்க்கிறேன். ஆப்பில் போட்டால், செய்தியில் முகத்தை மறைத்துக் காட்டுவார்களே, அப்படித்தான் வருகிறது. ஏன்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் ஆப் புள்ளியைப் பெரிதாக்குகிறது, நிறத்தைக் குறைக்கவில்லை. 1989-ல் நிண்டெண்டோ கொண்டுவந்த கேம் பாய் திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள். பச்சையில் நாலே சாயல். அந்த வறுமைதான் அதன் அழகு.

கணினியில் ஜிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருள் போதும், இலவசம். படத்தை 10:9 அளவில் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைத் தாராளமாக ஏற்றுங்கள். 160×144-க்குச் சுருக்கி, நாலு பச்சைச் சாயல் மட்டும் உள்ள பேலட்டுக்கு, அதாவது நிறப் பட்டியலுக்கு, மாற்றுங்கள். அப்போது ‘டிதரிங்’ வேண்டுமா என்று கேட்கும்; இருக்கிற நிறங்களின் புள்ளிகளைக் கலந்து வைத்து, இல்லாத சாயலைக் காட்டும் வித்தை அது. வேண்டாம் என்றால் வானம் பட்டை பட்டையாக உடையும். ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை புள்ளிகளை ஒழுங்கில்லாமல் இறைக்கும். வரிசையாகப் புள்ளி வைக்கும் முறையே என் தேர்வு. 1998-ல் வந்த கேம் பாய் கேமராவின் படங்களிலும் அந்த வரிசைப் புள்ளிதான்.

ஆனால் பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிடும். சாலைப் பாலத்தில் நின்று எல்லாரும் எடுக்கும் ரயில் பாலப் படம் இதற்கு உதவாது. பின்னால் கடல், இரும்பும் தண்ணீரும் ஒரே சாயலில் கலந்துவிடும். கரைக்கு இறங்கி, பாலத்துக்குப் பின்னால் வானம் வருகிற மாதிரி எடுங்கள். 1914 பாலம் கப்பலுக்காக இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும் பழைய படம் வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள்.

1964 புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவருக்கு உச்சி வெயில் ஆகாது. மணலும் சுவரும் வானமும் வெளுத்து ஒன்றாகிவிடும். சாயங்காலம் போங்கள், ஜன்னல் ஓட்டைகள் கறுப்பாக விழும்.

வல்லத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். அணியத்தில் (முன்பக்கத்தில்) ‘அந்தோணியார் துணை’ என்று எழுதியிருந்தால் அது மட்டும் பிழைக்காது. கேம் பாயில் ஓர் எழுத்துக்குப் பொதுவாக எட்டுக்கு எட்டுப் புள்ளி. ஆங்கில எழுத்து அடங்கும், நம் ‘ணை’ எப்படி அடங்கும்? பெயரை அழித்துவிட்டு, ஓர் எழுத்துக்கு இரண்டு எட்டுக்கு எட்டுக் கட்டம் எடுத்துக்கொண்டு கையால் புள்ளி வையுங்கள்.

பெரிதாக்கும்போது முழு மடங்காக, ஆறு மடங்கென்றால் 960×864. இன்டர்போலேஷனில் (இடைப் புள்ளிகளை நிரப்பும் முறை) ‘None’ வையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் மழுங்கும். பிஎன்ஜியாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக.