வாசகர் கேள்வி–பதில்: ஒற்றை வால்வு டிரான்ஸ்மிட்டர்கள்

கேள்வி: ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர் ஒருவர் வீட்டில் அமெகோ ஏசி-1 என்ற பழைய அமெரிக்க டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தேன். டிபன் பெட்டி அளவுதான். உள்ளே இரண்டே வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). இவ்வளவு குறைந்த பாகங்களைக் கொண்டு அது எப்படி இயங்குகிறது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதில் எவையெல்லாம் இல்லை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1951-இல் அமெரிக்காவில் தொடக்க நிலையினருக்கான நாவிஸ் உரிமம் நடைமுறைக்கு வந்தபோது, சிற்றலையில் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீடு மட்டுமே, அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் கட்டாயம், உள்ளீடு 75 வாட்டுக்கு மிகக் கூடாது என்று விதிக்கப்பட்டது. பேச்சை ஏஎம் (அலைவீச்சுப் பண்பேற்ற) முறையில் அனுப்புவதற்கு, இறுதி வால்வின் உள்ளீட்டில் பாதியளவு சக்தியைத் தரும் ஒலிப்பெருக்கியும் கனமான மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரும் வேண்டும். மோர்ஸில் அவை இரண்டுக்கும் வேலையில்லை. அதிர்வெண்ணைக் கிரிஸ்டலே நிர்ணயிப்பதால் அதற்கென ஆஸிலேட்டர் என்ற தனி அதிர்வு நிலையும் தேவைப்படவில்லை. எஞ்சியவை, அதிர்வை உண்டாக்கி நேரடியாக ஆன்டெனாவுக்குத் தரும் 6வி6 வால்வும், மாறுமின்னோட்டத்தை நேராக்கும் 6எக்ஸ்5 வால்வும்தான். அலையை உண்டாக்குவது ஒன்றே என்பதால்தான் இது ஒற்றை வால்வு டிரான்ஸ்மிட்டர். வானொலிப் பெட்டிகளில் ஸ்பீக்கரை இயக்குவதற்காக வந்த 6வி6 இங்கே 15 வாட் உள்ளீட்டில் இயங்குகிறது. ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ அதில் பாதியே போய்ச் சேரும். 40 மீட்டர் அலைவரிசையில் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு மோர்ஸ் அனுப்ப அதுவே போதும்.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் ஒற்றர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தினார்களா? – வாசகர், கோவை

பதில்: ஆம். பிரிட்டிஷ் உளவுத்துறையினர் உருவாக்கிய பாராசெட் அவ்வகையில் புகழ்பெற்றது. அதிலும் டிரான்ஸ்மிட்டராக இருந்தது இதே 6வி6 வால்வுதான். ரிசீவருக்கு இரண்டு 6எஸ்கே7 வால்வுகள். மோர்ஸ் கீயை (தட்டி அனுப்பும் சாவியை) பேனலிலேயே அமைத்திருந்தார்கள். மீட்டருக்குப் பதிலாக இரண்டு சிறு பல்புகள். அவை பிரகாசமாக எரியும்வரை திருகுகளைத் திருப்பினால் டியூனிங் முடிந்துவிடும். சிக்கனமான வடிவமைப்புக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கேள்வி: உரிமம் பெற்ற ஹாம் நான். ஏசி-1 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உடனே இயக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம், பொறுமையாகத் தொடங்குங்கள். அது அமெரிக்க மின்னழுத்தத்துக்குச் செய்யப்பட்டது என்பதால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் சற்றுக் கூடுதலாகவே சூடாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை மாற்றிவிடுங்கள். முதல் தடவை மின்சாரம் தரும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணையுங்கள். அது தணியாமல் முழு ஒளியுடன் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மின்னிறக்க ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், மீட்டர் வைத்து அளந்த பிறகே உள்ளே கை வையுங்கள். இத்தகைய கருவிகள் பலவற்றில் மோர்ஸ் கீ வால்வின் கேத்தோடு (எதிர்மின்வாய்) வழியில் இருப்பதால், கீ திறந்திருக்கும்போது அதன் முனைகளிலேயே ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும். திறந்த உலோகப் பாகங்கள் உள்ள பழைய கீயை அதில் நேரடியாக இணைக்கவே கூடாது. இடையில் ஒரு ரிலே (மின்காந்த சுவிட்ச்) வைப்பது நல்லது.

கிரிஸ்டல் விஷயத்திலும் கவனம் தேவை. போர்க்கால எஃப்டி-243 வகையின் தடித்த குவார்ட்ஸ் தகடு தாங்கிய மின்னோட்டத்தை, இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய உலோகக் கூட்டுக் கிரிஸ்டல் தாங்காது. சூடாகி அதிர்வெண் நகரும், சிலசமயம் விரிசலும் விடும். கீயை அழுத்தியதும் எதிர்முனையில் ஒலி 'ட்யூ' என்று சறுக்கிக் கேட்டால், ஆன்டெனா இணைப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்தி சிறிது குறைந்தாலும் ஒலி தெளியும். கேட்பவருக்கு அந்தத் தெளிவுதான் முக்கியம். ஆன்டெனாவுக்கு முன்னால், உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டரும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் அனுப்புவது 14-இலும் கேட்கும்.