நாவல் பழத்தில் சத்துக் குறைந்துவிட்டதா?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நாவல் வைத்திருக்கிறேன். ஹெல்த் மிக்ஸ் தயாரிக்கும் கம்பெனி ஒன்று பழம் எடுக்கிறது. போன வருடம் லேப் ரிப்போர்ட்டில் மொத்த ஃபீனால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து 100 கிராமுக்கு 1,150 மில்லிகிராம். இந்த வருடம் வெறும் 190. விலையைப் பாதியாக்கச் சொல்கிறார்கள். உரக்கடையில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்றும்’ டானிக் இருக்கிறதாம், லிட்டர் 1,400 ரூபாய். அடிக்கலாமா? மண்ணில் என்ன குறை, ஐயா?

பதில்: டானிக் வாங்காதீர்கள், விலையையும் இறக்காதீர்கள். மண்ணைப் பழி சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். போன வருடம் லேபுக்குப் போனது காய்ந்த பவுடர். இந்த வருடம் போனது பழக்கூழ். கூழின் ஈரப்பதம் 84 சதவீதம் என்று ரிப்போர்ட்டின் கீழேயே போட்டிருக்கிறது. அப்படியானால் அந்த 190 மில்லிகிராமும் மீதி 16 கிராமுக்குள் இருக்கிறது. உலர் எடைக்கு, அதாவது தண்ணீரை நீக்கிய எடைக்குக் கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு 1,187. எங்கே குறைந்தது? கொள்முதல் செய்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். டானிக் விற்கிறவர் பாட்டிலில் எழுதியதற்கு ஆதாரமாக ஒரு லேப் ரிப்போர்ட் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

இந்த ஃபீனால் சோதனையையே நான் பெரிதாக நம்புவதில்லை. வைட்டமின் சி, சர்க்கரை எல்லாம் அதில் எண்ணிக்கையை ஏற்றிவிடும். நாவலின் மதிப்பு தோலில் இருக்கும் ஊதா நிறமியில், அதாவது ஆந்தோசயனினில். அதை அளக்கச் சொல்லுங்கள். ஒரே சாற்றை பிஎச் 1 (கடும் அமிலம்), பிஎச் 4.5 (லேசான அமிலம்) என்று இரண்டு கரைசலில் கலப்பார்கள். முதலாவதில் பளிச்சென்று சிவக்கும், இரண்டாவதில் நிறம் ஏறக்குறைய போய்விடும். அந்த வித்தியாசத்தை 520 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். கெட்டுப்போன பழுப்பு நிறம் இரண்டிலும் அப்படியே நிற்பதால் கழிந்துவிடும். நல்ல பழம் யாருடையது என்று அப்போது தெரியும்.

நீங்கள் கேட்காததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பழத்தைச் சாக்கில் கட்டி, மறுநாள் லோடு ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை சாக்கைத் தூக்கியதும் அடியில் தரையைப் பாருங்கள். ஊதாவாக ஊறி நிற்கும். ஆந்தோசயனின் அங்கே ஒழுகிக்கொண்டிருக்கிறது. நசுங்கிய பழத்தில் மிச்சம் இருப்பதையும் சூடும் காற்றும் சேர்ந்து தின்றுவிடும். விடிகாலையில் பறியுங்கள். உலுக்குவதாக இருந்தால் மரத்தடியில் வலை கட்டுங்கள். சாக்கை விட்டு, உயரம் குறைந்த கிரேட்டில் ஒன்றிரண்டு அடுக்காகப் பரப்புங்கள். வெயில் ஏறுமுன் நிழலுக்கும், அன்றைக்கே குளிர் அறைக்கும் போக வேண்டும். கூழ் எடுக்கும்போது தோலை வீசாதீர்கள், கொட்டையை மட்டும் நீக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது, நிறம் கறுத்துவிடும், எவர்சில்வர் போதும். வெயிலில் காயவைத்துப் பவுடர் ஆக்குவது வேண்டவே வேண்டாம். எந்த உரத்துக்கும் முன்னால் நான் இதைத்தான் வலியுறுத்துவேன்.

அப்புறம் சாம்பிள். ஐந்தாறு மரத்துப் பழத்தைக் கலந்து, உறையவைத்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்புங்கள். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். உலர் எடையிலும் ரிப்போர்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்திலும் எந்தச் சோதனை, பவுடரா கூழா, எந்த எடைக்கு என்ற மூன்றும் இருக்கட்டும். அது கையெழுத்தாகும்வரை பழைய விலைக்கே கொடுங்கள்.