இடுப்புத்தள ஈ.எம்.ஜி.யில் ஓய்வு நிலை 4 மைக்ரோவோல்ட் என்றால் பிரச்சினையா?

ஈ.எம்.ஜி. (இடுப்பின் அடியில் இருக்கும் தசைகளின் மின் சிக்னலை அளக்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில், தசையைத் தளர்த்தியிருக்கும் ஓய்வு நிலை 4 என்று வந்திருக்கிறது, நெட்டில் 2-க்குக் கீழேதான் நார்மல் என்று போட்டிருக்கிறது, பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த டெஸ்டை எடுக்கும் பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன், அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள்.

அந்த 2 பெரும்பாலும் கிளேசர் என்பவர் வகுத்த டெஸ்ட் முறையை ஒட்டிச் சொல்லப்படுவது. 1 நிமிட ஓய்வு, 5 வேகமான சுருக்கங்கள், 10 விநாடி இறுக்கிப் பிடிப்பது 5 முறை, 1 நிமிடப் பிடிப்பு, மறுபடி 1 நிமிட ஓய்வு என்று அதற்கென்று ஒரு வரிசை உண்டு. ப்ரோப்பின் (உள்ளே வைக்கும் சென்சார்) வடிவம், மெஷினின் ஃபில்டர், நீங்கள் படுத்திருந்தீர்களா நின்றிருந்தீர்களா, இதில் எது மாறினாலும் எண்ணும் மாறும். தொடையையோ பிட்டத்தையோ லேசாக இறுக்கினால்கூட அந்தத் தசைகளின் சிக்னலும் சேர்ந்து பதிவாகிவிடும்.

இன்னொன்று, கை கால் தசை ஓய்வில் மின்னளவில் அமைதியாகிவிடும், ஆனால் சிறுநீர், மலத்தை அடக்கும் சுருக்குத் தசைகள் தூக்கத்தில்கூட முழுதாக அடங்குவதில்லை. அதனால் இங்கே பூஜ்யத்தை எதிர்பார்க்கவே கூடாது.

சரி, பொதுவான நார்மல் அளவை வகுத்துவிட்டால் என்ன? ரத்தப் பரிசோதனைகளுக்கு ஒரு பிரிவுக்குக் குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை நார்மல் என்று எடுப்பார்கள் (அதாவது நல்லா இருக்கிறவர்களிலேயே 20 பேரில் ஒருவர் வெளியே விழுவார்). இங்கே வயது, பிரசவம், மாதவிடாய் நின்றதா என்று பிரிக்கப் பிரிக்கத் தேவைப்படும் ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள். அதைவிடப் பெரிய தலைவலி, யாரை ஆரோக்கியமானவர் என்பது? இருமினால் சொட்டுச் சிறுநீர் கசிவதை 'வயசானா இப்படித்தான்' என்று வெளியே சொல்லாத பெண்கள் ஏராளம், அவர்களும் நார்மல் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் அளவே கோணலாகிவிடும். அப்புறம், மைக்ரோவோல்ட் என்பது தசையின் பலமும் அல்ல. எலக்ட்ரோடுக்கும் தசைக்கும் நடுவே எவ்வளவு திசு இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரே பலமுள்ள இருவருக்கு வேறு வேறு எண் வரலாம்.

நான் முதலில் பார்ப்பது கிராஃபைத்தான். இறுக்கிவிட்டு விட்டதும் கோடு சட்டென்று பழைய இடத்துக்கு இறங்குகிறதா, இழுத்துக்கொண்டே இறங்குகிறதா? அதோடு வலி, கசிவு, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டு, விரலால் தொட்டும் பரிசோதிப்பேன். மறுபடி டெஸ்ட் எடுப்பதானால் அதே மெஷின், அதே ப்ரோப், அதே படுக்கை நிலையில் எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் இந்த 4-ஐ அதோடு ஒப்பிட முடியும்.