ரத்தத்தில் ஊறிய கலையா?

அன்புள்ள ஐயா,

ஐரோப்பாவின் ரோமா இளைஞர்களுக்குத் தரப்படும் நாடகப் பயிற்சி பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஜிப்ஸிகள் என்றாலே பாட்டும் ஆட்டமும்தானே? கலை அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது. அவர்களுக்குப் போய் வகுப்பு நடத்துவது மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி இல்லையா? பயிற்சியே அவர்கள் இயல்பைக் கெடுத்துவிடாதா?

வினோத், திருச்சி

அன்புள்ள வினோத்,

நீங்கள் பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இந்தப் பாராட்டைக் கேட்டுக் கேட்டு, நீங்கள் ஜிப்ஸி என்கிற ரோமாக்களுக்குக் காது புளித்துப்போயிருக்கும். ரத்தத்தில் ஊறியது என்று சொன்ன உடனேயே அந்த ஆள் விரல் தேயத் தேய உட்கார்ந்து சாதகம் செய்ததெல்லாம் கணக்கில் வராமல் போய்விடுகிறது. ஹங்கேரியில் 1952இல் ராய்கோ என்று ஒரு குழுவைத் தொடங்கி, ரோமா சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வாசிக்க வைத்தார்கள். பரம்பரை பரம்பரையாக வயலின் வாசிக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

நாடகத்தில் சிக்கல் வேறு. ரோமா பையன் ஒருவன் நடிக்க வந்தால் அவனுக்கு என்ன வேஷம் கிடைக்கும்? வயலின்காரன், திருடன். பெண்ணாக இருந்தால் குறி சொல்பவள், அல்லது பாவாடை சுழற்றி ஆடுகிறவள். அந்த வேஷங்களை எழுதியவர்களும் இயக்குபவர்களும் பெரும்பாலும் வெளியாட்கள். கார்மென் என்ற ரோமா பெண்ணின் கதையை எழுதிய மெரிமே ஒரு பிரெஞ்சுக்காரர். ஆகவே பயிற்சி என்று நான் எழுதியது ஆடக் கற்றுக்கொடுப்பதை இல்லை, எழுதவும் இயக்கவும், 'இந்த வேஷம் எனக்கு வேண்டாம்' என்று சொல்லவும் தெம்பு வருவதைத்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. 1931இலேயே மாஸ்கோவில் ரோமென் என்ற ரோமா நாடக அரங்கு வந்துவிட்டது. முதலில் அது ஒரு பயிற்சிக்கூடம், அந்த வருஷக் கடைசிக்குள் முழு நாடக அரங்காகிவிட்டது. அதன் முதல் இயக்குநர் கோல்ட்பிளாட், யூத நாடக அரங்கிலிருந்து வந்தவர். தொடக்கத்தில் ரோமாக்களின் மொழியான ரோமானியில் போட்டார்கள், பத்து வருஷத்துக்குள்ளாகவே ரஷ்ய மொழிக்கு மாறிவிட்டார்கள். அரங்கு இன்றும் இருக்கிறது. ஆனால் மொழி போனதும் பார்க்க வருகிறவர்களுக்குப் பாட்டும் பாவாடையும்தான் மிச்சமாயின என்பது என் எண்ணம், ரோமென் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

எனக்குப் பிடித்தது பிரலிபே என்ற ரோமா நாடகக் குழு. ரஹீம் புர்ஹான் 1971இல், இன்றைய வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் தொடங்கியது, பெயருக்குச் சகோதரத்துவம் என்று பொருள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் போட்டது ஸ்பானிய நாடகாசிரியர் லோர்க்காவின் 'ரத்தத் திருமணம்', முழுக்க ரோமானியில். கல்யாண மாப்பிள்ளையின் அம்மா கத்தியைச் சபிப்பதில்தான் அந்த நாடகம் தொடங்கும். அது ரோமா கதையே இல்லை, தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசிய விவசாயக் குடும்பங்களின் கதை என்பதுதான் விஷயம். சமையலறையில் பேசுகிற மொழி என்று தள்ளிவைக்கப்பட்ட ரோமானி மேடையில் ஒரு பெரிய துக்கத்தைத் தாங்கி நிற்கிறது. ரத்தத்தில் ஊறியதால் வந்ததா இது? ஒத்திகை ஒத்திகையாகப் பார்த்து வந்தது.

இன்னொருவர் ரோமா நடிகை அலினா ஷெர்பான். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் வறுமையில் வளர்ந்தவர், அங்கேயே நாடகப் பள்ளியில் படித்து, அப்புறம் லண்டனில் ராடா என்ற நாடகப் பள்ளியிலும் படித்தார். தன் வாழ்க்கையை வைத்து அவர் ஒற்றை ஆளாக நடித்த நாடகத்தின் தலைப்பைத் தமிழாக்கினால் 'கீழே கையொப்பமிட்டுள்ள அலினா ஷெர்பான் ஆகிய நான், என் சொந்தப் பொறுப்பில் அறிவிப்பது' என்று வரும். தாலுகா ஆபீஸ் படிவம் எழுதியவர்களுக்கு இதன் குசும்பு உடனே புரியும். ருமேனியாவில் ரோமாக்கள் சுமார் ஐந்நூறு வருஷம் அடிமைகளாக இருந்தார்கள், 1856இல்தான் அது முழுதாக ஒழிந்தது. அதைப் பற்றியும் ஒரு நாடகம் எழுதி இயக்கினார். இவருக்கு என்ன இயல்பு கெட்டுப்போயிற்று சொல்லுங்கள்?

உங்கள் பயத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். நாடகப் பள்ளி உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி ஆளையே அழித்துவிடும். அதற்கு மருந்து பயிற்சியை நிறுத்துவது ஆகாது, சொல்லிக்கொடுக்கிறவர்களில் ரோமாக்களும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புக்கரெஸ்டில் ரோமா நடிகைகளான மிஹாயெலா திரகானும் ஸிட்டா மோல்டோவானும் 2014இல் ஆரம்பித்த நாடகக் குழுவின் பெயர் ஜுவ்லிபென். பெண்ணியம் என்பதற்கு ரோமானியில் சொல் இல்லாததால், பெண் என்ற சொல்லிலிருந்து இவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். ஹங்கேரியில் ரோட்ரிகோ பலோக்கின் குழு 2017 முதல் புடாபெஸ்டில் ரோமா நாடக விழா நடத்துகிறது. அங்கே ஒற்றை ஆள் நாடகங்கள் நிறைய. காசு இல்லாத இளைஞருக்கு அதுதான் தோது, ஒரு நாற்காலியும் ஒரு சூட்கேஸும் இருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் போடலாம்.

அப்புறம் ஒன்று. ஜிப்ஸி என்பது இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் தப்பாக நினைத்து வைத்த பெயர். பலருக்கு அது வசவாகவே படுகிறது. நான் ரோமா என்றுதான் எழுதுவேன், உங்கள் கடிதத்தில் மட்டும் கை வைக்காமல் அப்படியே போட்டிருக்கிறேன்.